துண்டுக்கு அடியில் இருந்த கை

சந்தையில் ஒருவருக்கும் கை காட்டாமலே காலம் கழித்த என் அருமை மச்சானுக்கு,

போன வைகாசியில் உங்கள் மகள் காவேரிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பொம்மிடிப் பக்கம். நிலம் இருக்கிறது, குணம் இருக்கிறது, பல் கொஞ்சம் எடுப்பு. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டேன். இனி, அது நின்றுபோக இருந்த கதையைச் சொல்கிறேன்.

இதை எழுதி உங்கள் திதியன்று அச்சிட்டுக் கொடுக்கச் சொன்னவர் என் மாடியில் குடியிருக்கும் சயன்ஸ் வாத்தியார். நீங்கள் போன பிறகு வந்தவர், உங்களுக்குத் தெரியாது. "உங்க மச்சானுக்குப் போய்ச் சேராதுங்க, ஆனா படிக்கிறவங்களுக்குச் சேரும்" என்றார். அந்த முதல் பாதியில் எனக்குச் சந்தேகம். கம்பி இல்லாமல் டில்லியிலிருந்து என் கடைக்குப் பேச்சு வந்து சேர்கிறது. எது எங்கே போய்ச் சேராது என்று அடித்துச் சொல்ல நான் யார்?

நான் வியாபாரி. வத்தல்மலையிலிருந்து இறங்கும் புளியையும் கடுக்காயையும் வாங்கி, கீழ்நாட்டு மஞ்சளையும் சேர்த்து, பொம்மிடி ஸ்டேஷனில் ஏற்றி அனுப்புகிறவன். கண்ணால் பார்த்து, விரலால் பிசைந்து, மூக்கால் மோந்து பார்க்காத சரக்குக்கு நான் விலை சொன்னதே இல்லை. இந்தக் கடிதமோ கண்ணுக்குத் தெரியாத சரக்கைப் பற்றியது. அதனால் வார்த்தை தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொழில் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தையில் தரகர் வாயால் விலை பேசுவதில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வலது கை மேல் போட்டுக்கொள்வார். வாங்குகிறவரின் கை அந்தத் துண்டுக்குள் நுழையும். உள்ளே விரலை விரல் பிடிக்கும். எந்த விரல், எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம் என்பதுதான் விலை. வெளியே இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு ஆடுகிற துணி மட்டும்தான் தெரியும். அந்தத் துணிக்குள் உங்கள் கையைப் போல ரகசியம் காத்த கை நம் ஜில்லாவில் இன்னொன்று இருந்ததில்லை. தொப்பூர்க் கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்தும் உங்களைத் தேடி வருவார்கள்.

அந்தத் துண்டை நீங்கள் தொழிலுக்கு மட்டுமா வைத்திருந்தீர்கள்? நல்லம்பள்ளி ரோட்டில் நான் கடை திறந்த அன்று சேலத்திலிருந்து போட்டோக்காரரை வரவழைத்தேன். எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்பது உங்கள் கட்சி. நீங்கள் வாயைத் திறக்காமல் வந்து நின்றதும் எனக்கே ஆச்சரியம். அவர் பெட்டியின் மூடியைக் கழற்றிய அந்த நொடியில் தோளிலிருந்த துண்டை இழுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டீர்கள்.

"ஐயா, துண்டு, துண்டு!" என்று அவர் கத்தினார்.

"அது இருக்கட்டும் சாமி. நீ துண்டப் புடிச்சுக்க" என்றீர்கள் உள்ளேயிருந்து.

என் அக்கா, உங்கள் மனைவி, தலையில் அடித்துக்கொண்டாள். "பொணத்துக்கு மூடுன மாதிரி மூடிக்கிட்டு நிக்கறாரு பாரு! நல்ல நாளும் அதுவுமா!"

அந்தப் படம் இன்னும் கடையில் தொங்குகிறது. எல்லோரும் விறைப்பாக நிற்கிறோம். நடுவில் ஒரு துண்டு நிற்கிறது. வாழ்நாளில் வெளிச்சம் உங்களைப் பிடித்த படம் அது ஒன்றுதான். அதிலும் துண்டு ஜெயித்துவிட்டது.

பிறகு ரேடியோ வந்தது. பேட்டரியில் ஓடும் செட். தபால் ஆபீசில் லைசென்ஸ் எழுதி வாங்கினேன். சந்தை நாள் சாயங்காலம் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் வியாபாரம் நடக்கும் என்ற கணக்குத்தான். பாட்டு வந்ததும் மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். நீங்கள் மட்டும் எழுந்து போய்ப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தீர்கள்.

"இது எந்தச் சந்து வழியா மாப்ள உள்ளார வருது?"

"காத்துல வருதுங்க மச்சான்" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவும் தப்பு என்று பின்னால் தெரிந்தது.

கதவைச் சாத்தினீர்கள், பாட்டு வந்தது. ஜன்னலையும் சாத்தினீர்கள், வந்தது. துண்டை எடுத்துப் பெட்டி மேல் போட்டீர்கள். என் கம்பளியைப் போட்டீர்கள். ஈரச் சாக்கைப் போட்டீர்கள். உள்ளே பாடகி அம்மாள் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டு பேரும் பெட்டியையும் ஏரியல் கம்பியையும் சுருட்டித் தூக்கிக்கொண்டு போய், நாலு பக்கமும் தகரம் அடித்த புளிக் கிடங்குக்குள் வைத்துக் கதவை மூடினோம். பாட்டு அறுந்தது. வெறும் இரைச்சல். கதவைத் திறந்து வெளியே தூக்கி வந்தோம். அம்மாள் அடுத்த பாட்டுக்குப் போயிருந்தார்.

"அப்ப தகரத்துக்குத்தான் மருவாதி. நம்ம துண்டுக்கு இல்ல" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஆனால் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டபோது முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

இன்னொன்றும் கண்டோம், நினைவிருக்கிறதா? பகலில் எட்டாத ஸ்டேஷன்கள் பொழுது சாய்ந்தால் வந்தன. பாஷை தெரியாத தேசங்களெல்லாம் இருட்டுகிற நேரத்தில் வரிசையாக வந்து நின்றன. மேலே, வெகு உயரத்தில், அலையைத் திருப்பி அனுப்புகிற ஒரு அடுக்கு இருக்கிறது, பகலில் ஒரு மாதிரியும் இரவில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும் என்று வாத்தியார் இப்போது சொல்கிறார். நமக்கு அன்றைக்கு அது தெரியாது. நீங்கள் வானத்தைப் பார்த்து, "மேயப் போன மாடெல்லாம் பொழுதோட பட்டிக்குத் திரும்புது" என்றீர்கள். அவர் சொன்னதைவிட எனக்கு அதுதான் புரிகிறது.

அடுத்து, ஒரு எருது உங்கள் கையை மிதித்தது.

வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வீக்கம் வடியவில்லை, விரல் மடங்கவில்லை. சாப்பிடும்போது இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வீர்கள், அடுத்தவர் சாமானை வைக்கிற மாதிரி. தரகனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு அழுதாள். நான் உங்களை லாரியில் ஏற்றிக் கொண்டு போனேன் சேலத்து ஆஸ்பத்திரிக்கு.

எக்ஸ்ரே அறையில் இருந்தவர் பட்டணத்து இளைஞர். ஒரு பலகையைக் காட்டி, "கையை இதுல வைங்க பெரியவரே. துண்டை எடுத்துடுங்க" என்றார்.

"துண்டு எடுக்க மாட்டனுங்க."

"ஏன்?"

"தரகன் கைங்க. பொது எடத்துல தொறந்து வெக்கறதில்லீங்க."

எனக்கு மானம் போயிற்று. அந்த இளைஞருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருந்துட்டுப் போகட்டும். என் மிசினுக்குத் துண்டு கண்ணுக்கே தெரியாது. மோதிரத்தை மட்டும் கழட்டுங்க."

மோதிரம் வரவில்லை. விரல் வீங்கி அதை விழுங்கியிருந்தது. சரி, அப்படியே விரலை விரித்து வையுங்கள், அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார். நீங்கள் விடவில்லை.

"நாங்க இங்க ஒக்காந்திருக்கறோம், நீங்க ஏனுங்க ஓடி ஒளியறீங்க?"

"உங்களுக்கு இது ஒரு தடவைங்க. எனக்கு இதுவே தினம். அளவு மீறினா இது ஆளையே தின்னுடும்."

வெளிச்சம் எதுவும் வரவில்லை. சூடு இல்லை. வாசனை இல்லை. ஒரு முனகல் சத்தம், அவ்வளவுதான். பிறகு ஈரம் சொட்டும் பிலிமை எடுத்து வந்து ஜன்னலில் பிடித்துக் காட்டினார்.

மச்சான், அதைப் பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்தது. அதை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கறுப்பில் ஒரு கை. துண்டு இல்லவே இல்லை, ஒரு நூல்கூட. சதை புகையைப் போல. அதற்குள் எலும்புகள் வெள்ளை வெளேரென்று, கணு கணுவாக. சின்ன வயதில் மாட்டுக் கயிறு சுற்றி ஒடிந்து கோணலாகக் கூடிய உங்கள் சுண்டு விரல், அதே கோணலோடு. மோதிரம் மட்டும் எலும்பைவிட வெள்ளையாக, ஒரு வட்டம். அந்த வெள்ளியை மட்டும் கதிரால் ஊடுருவ முடியவில்லை.

நீங்கள் முதலில் குனிந்து உங்கள் கையைப் பார்த்தீர்கள். துண்டு அதன் மேலேயே இருந்தது. பிறகு பிலிமைப் பார்த்தீர்கள். திரும்பக் கையை.

"மாப்ள, இந்த மிசினு ஒண்ணு சந்தைக்கு வந்துச்சுன்னா எம் பொழப்பு போச்சு" என்றீர்கள். பிறகு மெதுவாக: "மொகத்த மூடித் தப்பிச்சேன். கையப் புடிச்சுக்கிட்டானே."

எங்கே விரிசல் என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். மாவுக்கட்டுப் போட்டார். அடுத்த அறுவடைக்குள் உங்கள் கை மறுபடியும் துண்டுக்குள் போனது. அந்தப் பிலிமை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். எதையும் விட்டுவிட்டு வரத் தெரியாத புத்தி எனக்கு. வேட்டி மடிப்புக்குள் வைத்துத் தகரப் பெட்டியில் போட்டேன். போட்டு மறந்துபோனேன்.

அதற்கடுத்த ஆடியில் உங்களுக்குக் காய்ச்சல். நீங்கள் மாட்டுக்குக் காய்ச்சல் பார்க்கும் விதம் எனக்குத் தெரியும். தொட மாட்டீர்கள், காதோரத்தில் உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பீர்கள், சூடு தானாக வந்து கையைத் தொடும். நானும் உங்கள் நெற்றிக்கு மேல் அப்படித்தான் பிடித்தேன். அடுப்பு மாதிரி வீசியது. மறுநாள் மத்தியானம் அதே இடத்தில் அதே மாதிரி பிடித்தேன். ஒன்றும் வரவில்லை. அக்காவிடம் அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

பெண் பார்த்து, வெற்றிலை மாற்றி, நாள் குறித்து, பந்தல்காலும் நட்டாயிற்று. அப்புறம்தான் காவேரி ஆரம்பித்தாள்.

"மாமா, அப்பா ஏதாச்சும் ஒரு ரூபத்துல எம் முன்னாடி இருந்தாத்தான் நான் மணையில உக்காருவேன்."

"போனவர எங்கடி போயிக் கொண்டார்றது?" என்று அக்கா சத்தம் போட்டாள்.

"அப்பா மொகமே எனக்கு மறந்துக்கிட்டு வருதும்மா. நெனச்சா துண்டுதான் வருது." சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். பிடிவாதக்காரி இல்லை அவள், உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எனக்குப் பயமாகிவிட்டது. அவள் உட்கார மாட்டேன் என்றால் உட்கார மாட்டாள். நான் தாய்மாமன், மணையில் கொண்டுவந்து அமர்த்த வேண்டிய கை என்னுடையது.

கடையில் தொங்கும் படத்தை எடுத்து வந்தேன். அதைப் பார்த்து இன்னும் அழுதாள். பிறகு எனக்குத் தோன்றியதைக் கேட்டேன்.

"கை நாபகம் இருக்குதா கண்ணு?"

"சுண்டு வெரலு கோணலா இருக்கும். அதப் புடிச்சுக்கிட்டுத்தான் சந்தைக்குப் போவேன்."

தகரப் பெட்டியைத் திறந்தேன். பிலிம் அப்படியே இருந்தது. கிழக்கு ஜன்னலில், காலை வெயிலுக்கு எதிராகப் பிடித்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி, சரியாக அந்தக் கோண விரலின் மேல் வைத்தாள்.

"இதா" என்றாள்.

மாடியிலிருந்து வாத்தியாரை வரவழைத்தேன். இது எப்படி நடக்கிறது, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றேன். அவர் மூட்டை கட்டும் கயிறு ஒன்றை எடுத்து ஒரு நுனியைக் கிடங்குக் கதவில் கட்டினார். மறு நுனியைப் பிடித்து மெதுவாக உதறினார். நீளமான அலை ஒன்று வளைந்து வளைந்து போனது. வேகமாக உதறினார், குட்டை குட்டையாக நெளிந்து போனது.

"கயிறு ஒண்ணுதானுங்களே? ரேடியோ, அடுப்புச் சூடு, வெளிச்சம், உங்க மச்சான் கையப் பார்த்த கதிர், எல்லாம் இந்த மாதிரி ஒரே ஜாதி அலைங்க. நீளந்தான் வேற. ரேடியோவுல ஒரு அலை நம்ம சந்தைத் திடல் அகலம் இருக்கும். வெளிச்சத்துல ஒரு மயிரோட தடிமனுக்குள்ள நூறு அடங்கும். எக்ஸ்ரே அதையும்விட எத்தனையோ மடங்கு பொடிசு. ஆனா எல்லாத்துக்கும் ஓட்டம் ஒரே வேகம். போறதுக்குக் காத்துகூட வேண்டாம்."

"என்ன வேகமுங்க?"

"நீங்க 'ஹை'ன்னு ஒரு மாட்ட அதட்டறதுக்குள்ள பூமிய ஏழு சுத்து."

நான் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஜாதி அலை! என் புளியை உலர்த்துவது, மாட்டின் காதோரத்தில் உங்கள் உள்ளங்கையைத் தொட்டது, பொழுது சாய்ந்தால் தேசம் தேசமாக என் கடைக்கு வருவது, துண்டுக்குள் புகுந்து உங்கள் எலும்பை எண்ணியது, எல்லாம் ஒரே கயிற்றின் உதறலா? வத்தல்மலை வெயிலை மறித்து இந்தப் பக்கம் நிழல் போடுகிறது. ரேடியோ அலையோ மலையை வளைத்துக்கொண்டு வந்துவிடுகிறது. துண்டு வெளிச்சத்தை நிறுத்துகிறது. ரேடியோவையும் எக்ஸ்ரேயையும் நிறுத்துவதில்லை. தகரம் ரேடியோவை நிறுத்துகிறது. ஈயம் எக்ஸ்ரேயை நிறுத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுங்கச்சாவடி. ஒன்று தடுப்பதை இன்னொன்று விட்டுவிடுகிறது. என் வயதுக்கு நான் எத்தனையோ சரக்கைப் பார்த்திருக்கிறேன். பார்க்காத சரக்குத்தான் உலகத்தில் அதிகம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சூடான எதுவும் அந்த அலையை வீசுமாம். அடுப்பு மட்டும் இல்லை. மாடு, மனிதன், தொட்டிலில் தூங்கும் குழந்தை, எல்லாம். உயிரோடு இருக்கிற ஒவ்வொரு உடம்பும் நம் கண்ணுக்குப் படாத ஒரு வெளிச்சத்தை ராத்திரியும் பகலும் வீசிக்கொண்டே இருக்கிறதாம். அப்படியானால் நீங்கள் இந்த வீட்டில் நடமாடிய காலமெல்லாம் விளக்கு மாதிரி எரிந்துகொண்டா இருந்தீர்கள்? நாங்கள் அதைப் பார்க்கவில்லையே மச்சான்?

பிலிமை வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்தால்தான் தெரியும். கல்யாணத்தில் யார் பிடித்துக்கொண்டு நிற்பது? தாளில் அச்செடுக்கலாம் என்றார் வாத்தியார். போட்டோக் கடைக்குப் போனேன். ஜன்னல் எல்லாம் அடைத்த அறை, சிவப்பு விளக்கு ஒன்று.

"இந்த வெளிச்சத்துல தாளு கெடாதுங்களா?" என்றேன்.

"இந்தத் தாளுக்குச் சிவப்பே தெரியாதுங்க. நீலம் ஒரு துளி பட்டாப் போதும், தீந்துச்சு."

எனக்குச் சட்டென்று மஞ்சள் ஞாபகம் வந்தது. அடுப்படியில் எத்தனை நாள் கிடந்தாலும் மஞ்சள் நிறம் மாறாது. துணியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் போடுங்கள், சாயங்காலத்துக்குள் காணாமல் போகும். அப்படியானால் அதைத் தின்பது சூடு இல்லை. வெயிலில் வேறு எதுவோ இருக்கிறது. வாத்தியாரிடம் கேட்டதற்கு, ஊதாவுக்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத பங்கு ஒன்று வெயிலில் உண்டு, சிவப்பு தட்டினால் அசையாததைக்கூட அது உடைத்துவிடும், நம் தோலைக் கறுக்க வைப்பதும் அதுதான் என்றார். மஞ்சள் வியாபாரம் பண்ணி முடி நரைத்தவன் நான். என் சரக்கைத் தின்றவன் யார் என்று இப்போதுதான் தெரிகிறது!

தாள் மேல் பிலிமை வைத்து, வெள்ளை விளக்கை ஒரு சிமிட்டு சிமிட்டி, தாளை மருந்துத் தட்டில் போட்டார். வெறும் வெள்ளைத் தாள். பிறகு ஒரு வட்டம் கறுத்தது. உங்கள் மோதிரம். அதைத் தொட்டுக்கொண்டு ஒரு கணு, இன்னொரு கணு. பிலிமில் வெள்ளையாக இருந்ததெல்லாம் தாளில் கறுப்பாக வந்தது. சுற்றியிருந்த கறுப்பு வெள்ளையானது. வெளுத்த துணி மேல் யாரோ கை வைத்து எடுத்தது போல, சாம்பல் நிறத்தில் ஒரு கை, விரல் விரித்து, தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வந்தது. நான் கும்பிட்டுவிட்டேன். போட்டோக்காரர் பார்த்தால் பார்க்கட்டும் என்று கும்பிட்டேன்.

வீட்டில் வெடித்தது உங்கள் அக்கா முனியம்மாதான்.

"ஏன்டா பச்சையப்பா, மஞ்சளும் குங்குமமும் வெக்கிற எடத்துல எலும்பக் கொண்டாந்து வெப்பியா? புளி விக்கறவனுக்குப் புத்தியும் புளிச்சே போச்சா? மாப்பிள்ள வூட்டுல பாத்தா பந்தலப் பிரிச்சுட்டுப் போயிருவாங்க!"

காவேரி பக்கத்து அறையில் இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கடைக்கு அழைத்தேன். சின்னசாமி, உங்களிடம் எருது வாங்கியவர்தான். ஒளித்துப் பேசுவானேன், அதை மனதில் வைத்துத்தான் அழைத்தேன். படத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"என்னங்க இது, எலும்பு?" என்று தள்ளி உட்கார்ந்தார்.

அவர் கண் படத்தின் மேல் ஓடிச் சுண்டு விரலில் நின்றது. மெல்ல நகர்ந்து வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தன் கை மேலும் படத்தின் மேலும் சேர்த்துப் போட்டார். துணிக்குள் அவர் விரல்கள் ஊர்ந்து எதையோ தேடுவது வெளியே தெரிந்தது.

"இந்தக் கைய எத்தினி சந்தையில புடிச்சிருப்பேன்" என்றார். "ஒரு நா கூடப் பாத்ததில்லீங்க. இன்னிக்கித்தான் பாக்கறேன்."

அவர் சம்மதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

என்னோடு வீட்டுக்கு வந்தார். முனியம்மா முன்னால் கைகட்டி நின்றார். "ஏனுங்கம்மா, எங்க வூட்டு மொத சோடி எருது இந்தக் கை குடுத்ததுங்க. மருமவளையும் இந்தக் கையே குடுக்கட்டுமுங்க."

சம்பந்தியே சொன்ன பிறகு உங்கள் அக்காவால் என்ன பண்ண முடியும்? ஆனாலும் விட்டுக்கொடுப்பாரா? "வெச்சுத் தொலைங்க. ஆனா தொறந்து வெக்கப் படாது. மேல ஒரு மஞ்சத் துணியாச்சும் போத்துங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். உங்கள் அக்கா ஏன் சிரிக்கிறேன் என்று முறைத்தார். துணி போர்த்தச் சொன்னதைக் கேட்டு உங்களையும் என்னையும் தவிர வேறு யாருக்குச் சிரிப்பு வரும்?

முகூர்த்தம் காலையில். மணைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, அதன் மேல் படத்தை மலர்த்தி வைத்து, மஞ்சள் துண்டால் மூடினோம். காவேரியை நான் கொண்டுவந்து உட்காரவைத்தேன். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். தாலியைத் தட்டில் வைத்து எல்லோரையும் தொடச் சொல்லி ஆசி வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் கவனிக்காத நேரத்தில் அவள் வலது கை மெல்ல அந்தத் துணிக்குள் நுழைந்தது.

வெளியே துணி கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. உள்ளே எந்த விரலைப் பிடித்தாள், எவ்வளவு அழுத்தினாள், அது உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தது.

பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "மாமா, சூடா இருக்குது."

நிமிர்ந்து பார்த்தேன். தென்னங்கீற்றுப் பந்தலில் ஒரு இடத்தில் ஓலை விலகி, வெயில் ஒரு கம்பி போல இறங்கி அந்தத் துணி மேலேயே விழுந்துகொண்டிருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு, அந்தப் பெண்ணிடம் நிச்சயமாக இல்லை.

"பந்தல் ஓட்டையில வெயில் வுழுது கண்ணு" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை.

"அப்பா சந்தையில வெயில்லயேதான மாமா நின்னாரு" என்றாள்.

மச்சான், நான் ஓலையைச் சரி பண்ணச் சொல்லவில்லை. கெட்டி மேளம் கொட்டும்வரை அவள் கை துண்டுக்குள்ளேயே இருந்தது.

இப்போது கடையில் இரண்டு படங்கள் தொங்குகின்றன. ஒன்றில் துண்டு இருக்கிறது, நீங்கள் இல்லை. இன்னொன்றில் நீங்கள் இருக்கிறீர்கள், துண்டு இல்லை. வெயில் படாத சுவரில்தான் மாட்டியிருக்கிறேன். மஞ்சளைத் தின்றவன் உங்களையும் தின்னக் கூடாது. பிலிம் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. காவேரிக்குப் பிறக்கும் குழந்தையை நானே தூக்கி வந்து, கிழக்கு ஜன்னலில் உங்களைப் பிடித்துக் காட்டுவேன். அதன் சின்ன விரலை எடுத்து உங்கள் கோண விரல் மேல் வைப்பேன். முகத்தைக் கேட்டால், அதை மட்டும் உன் தாத்தா யாருக்கும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். இது என் வாக்கு. துண்டுக்குள் கை கொடுத்தது போல எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவிக்குத் தம்பியும், காவேரிக்குத் தாய்மாமனும்,
பொழுது சாய்ந்ததும் இன்னும் ரேடியோவைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உங்கள் மாப்ளயுமான
பச்சையப்பன்